கிண் கிண் என்றாலே எஞ்சினை இறக்கணுமா?

பி16 எஞ்சின் பூட்டிய பழைய ஹொண்டா சிவிக் கார் ஒன்று, நுவரெலியாவுக்குப் போகும் றம்பொடை ஏற்றத்தில் மிதிக்கும்போது "கிண் கிண்" என்றால் போதும், பொனட்டைக்கூடத் திறக்காமல் கராஜில் தீர்ப்பு வந்துவிடும்: "பெயாரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்." லட்சக்கணக்கான வேலையைக் காதாலேயே கேட்டு முடிவுசெய்கிறார்கள்!

இன்னொரு கூட்டம் "நுவரெலியா காத்து அப்படித்தான்" என்கிறது. அட, 1868 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினில் நொக், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம், குறையத்தான் வேண்டும். நாலாம் கியரில் 1800 ஆர்.பி.எம்.மில் வைத்து அமுக்கினால் கலவை எரிந்து முடியுமுன் மிச்சம் தானாக வெடிக்காமல் என்ன செய்யும்? மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் போனால் பெயாரிங்கைத் தொடவே வேண்டாம்.

92 ஒக்டேன் பெற்றோல் அடித்திருந்தால் டாங்கியைக் காலியாக்கி 95 அடியுங்கள். இந்த எஞ்சின் ஜப்பானின் ஹை-ஒக்டேனுக்குச் செய்தது. பிறகு டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் டைமிங் லைட்டே பிடிப்பதில்லை, அதுதான் எரிச்சல்! டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சர்வீஸ் கனெக்டரை ஜம்ப் பண்ணி, டைமிங் லைட் பிடித்து, ஐட்லிங்கில் பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி முன்னால் பொறி வருகிறதா பாருங்கள். 2 டிகிரி முன்பின் பரவாயில்லை. பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளி தெரிந்தால் நொக் உறுதி. என்.ஜி.கே. பிளக்கில் சூட்டைக் காட்டும் இலக்கம் குறைந்தால் பிளக் முனையின் சூடு கூடும், அதையும் பாருங்கள்.

பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் ரொட் பெயாரிங் உண்மையிலேயே தேய்ந்தால் வரும் சத்தம் வேறு. கனத்த "டொக் டொக்". நியூட்ரலில் 2500 வரை ஏற்றிக் காலை எடுக்கும்போது தெளிவாகக் கேட்கும். ஐட்லிங்கில் ஒரு பிளக் வயரை மட்டும் கழற்றி, அதன் முனையை எஞ்சினில் ஏர்த் பண்ணுங்கள். தொங்கவிட்டால் கொயிலும் இக்னைட்டரும் போகும். சத்தம் அடங்கினால் அந்த சிலிண்டர்தான். ஒயில் அழுத்தம் பார்க்கும் மெக்கானிக்கல் கேஜ் பூட்டினால், சூடான ஒயிலில் 3000 ஆர்.பி.எம்.முக்கு 50 பி.எஸ்.ஐ. வர வேண்டும். பழைய ஒயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பைப் பிழிந்து, தேய்ந்த பெயாரிங்கின் செம்பு மினுக்கம் இருக்கிறதா பாருங்கள்.

குளிரில் மட்டும் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. அதற்கும் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்கள்!

இதையெல்லாம் பார்க்காமல் தடித்த 20டபிள்யூ-50 ஒயிலை ஊற்றி சத்தத்தை அமுக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கப் போனால் ஐட்லிங்கில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ஏற்றம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு பொனட்டைத் திறந்து கேளுங்கள்.