ஒரு ரெக்கார்டர் பாக்ஸ் போதாது

‘அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க் என்ற டிவி நிறுவனம் தரும் ஹாப்பர் மாதிரி, இங்கேயும் நிகழ்ச்சியைப் பதியும் ஒரு ரெக்கார்டர் பாக்ஸும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரும் போதும், நாலு டிவியிலும் வேறு வேறு சேனல் ஓடும்’ என்று மார்த்தாண்டத்தில் வீடு கட்டுகிற தம்பிக்கு மேலே சொல்லியிருக்கிறீர்கள். தவறு அண்ணாச்சி. ஸ்பிளிட்டர் ஒரே படத்தைத்தான் நாலு டிவிக்கும் அனுப்பும். கீழே சீரியல் வைத்தால் மாடியிலும் அதே சீரியல்தான்.

ஹாப்பர் 3 என்ற மாடலுக்குள் 16 டியூனர், அதாவது சேனலைப் பிடிக்கும் பாகம், இருக்கிறது. அங்கேயும் மற்ற டிவிகளுக்கு ஜோயி என்ற சின்ன பாக்ஸ் தனியாக வேண்டும். அந்த ஹாப்பர் சேவை இங்கே கிடையாது.

தம்பி, தனிச் சேனல் வேண்டிய ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ் எடுங்கள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிய வேண்டுமா, இரண்டு டியூனர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சுக்கு முன்பே டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் கேபிள் போக பைப் போட்டுவிடுங்கள், அப்புறம் சுவரை உடைக்க வேண்டாம்.