வீகனாக மாறச் சொல்கிறவர்கள் முதலில் பி12 பற்றிச் சொல்லுங்கள்

வீகன் உணவுக்கு, அதாவது இறைச்சி, முட்டை, பால் என்று விலங்கிடமிருந்து வரும் எதுவும் இல்லாத உணவுக்கு, மாறப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். பால் கறக்க வேண்டுமானால் பசு கன்று ஈன்றாக வேண்டும். அந்தக் கன்று என்ன ஆகிறது என்று யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் நானும் இந்தப் பக்கம் வந்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. என் ஆதங்கம் நம் ஆட்களிடம்தான். புதிதாக வருகிறவர்களிடம் சமையல் குறிப்பு சொல்கிறோம், சுற்றுச்சூழல் பற்றிச் சொல்கிறோம். செடி உணவில் கிடைக்காத பி12 வைட்டமின் பற்றி முதல் நாளே ஏன் சொல்வதில்லை?

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று தயங்குகிறோம். "மாத்திரை போட்டால்தான் சரிப்படும் என்றால் அது எப்படி இயற்கையான உணவு?" என்று கேட்டுவிடுவார்களே! கேட்கட்டும், பதில் இருக்கிறது. பி12-ஐச் செடிகளும் உருவாக்குவதில்லை, விலங்குகளும் உருவாக்குவதில்லை. அது பாக்டீரியா செய்கிற வேலை. ஆடு மாடுகளுக்கு அவற்றின் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியா கொடுக்கிறது. நம் பெருங்குடலிலும் பாக்டீரியா அதைத் தயாரிக்கத்தான் செய்கிறது, ஆனால் உடல் அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பெருங்குடல் அதையும் தாண்டி இருப்பதால் அங்கே உருவாவது நமக்குப் பெரிதாக உதவாது. மாத்திரையில் இருப்பதும் தொட்டியில் வளர்த்த பாக்டீரியா தயாரித்ததுதான். நடுவில் விலங்கு இல்லை, அவ்வளவுதான்.

இதில் மோசமான விஷயம், குறைபாடு உடனே தெரியாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு பலருக்குச் சில வருடங்கள்கூடத் தாங்கும். அதனால் முதல் வருடம் எல்லாம் நன்றாகவே போகும். "நான் மாத்திரையே எடுப்பதில்லை, சூப்பராக இருக்கிறேன்" என்று பதிவு போடுகிறவர்களில் நிறையப் பேர் அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் இருந்தார். பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார், செருப்பு நழுவினால்கூடத் தெரியவில்லை என்றார். பி12 குறைந்தால் பொதுவாக ரத்தசோகை வரும். அக்காவுக்கு அது இல்லை என்று வந்ததால் யாரும் பி12-ஐச் சந்தேகப்படவில்லை. கீரை, பருப்பு என்று ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தசோகை வெளியில் தெரியாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம். கவனிக்காமல் விட்டால் அந்தப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம். அக்கா இப்போது பழைய உணவுக்கே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள் நாம்.

ஸ்பைருலினா (பொடியாக விற்கும் நீலப்பச்சைப் பாசி) போதும், கழுவாத காய்கறி போதும் என்று பரப்புகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலால் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராம்தான். அப்படியிருக்க மாத்திரை டப்பாவில் 500, 1000 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் உடல் முறையாக உறிஞ்சுவது 2 மைக்ரோகிராமுக்கு உள்ளேதான். அதற்கு மேல் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும்.

பி12-க்கு அடுத்து எனக்குக் கவலை தருவது, தட்டில் இருந்து எடுத்த இடத்தைக் காலியாகவே விடுவது. பிரிட்டனில் சுமார் 55,000 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2020-இல் வெளியிட்ட முடிவில், வீகன்களுக்கு எலும்பு முறிவு, குறிப்பாக இடுப்பெலும்பு முறிவு, இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிட அதிகமாக இருந்தது. உடல் எடை, கால்சியம், புரதம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபோது வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. நம் குழுக்களில் இந்த ஆய்வை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. பகிர வேண்டும். பாலை விட்டால் அந்தக் கால்சியம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். பசலைக்கீரையை நம்ப முடியாது. அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் சேர்த்த சோயா பால் நல்லது, ஆனால் டப்பாவை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

புரதத்துக்கு அவ்வளவு பதற வேண்டியதில்லை. பருப்பு, பயறு, சோயா தினமும் இருந்தால் போதும். ஒரே வேளையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை. இரும்புச்சத்துக்காகச் சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேருங்கள், டீ காபியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அப்புறம், பயறு வகைகளை முதல் வாரமே அள்ளிப் போட்டால் வயிறு உப்பத்தான் செய்யும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுங்கள்.

ஏற்கெனவே மாறி, இதுவரை மாத்திரை எதுவும் எடுக்காதவர்கள் கமென்டில் என்னிடம் அளவு கேட்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது. ஸ்பைருலினா சாப்பிடுகிறவர்களுக்கு வெறும் பி12 பரிசோதனையில் அளவு சரியாக இருப்பது போலக் காட்டலாம், அதனால் உடலுக்குப் பயன்படும் பி12 போதுமா என்று காட்டும் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள்.