பவுல் மதம் மாறினாரா?

ஜனவரி 25 கத்தோலிக்க நாள்காட்டியில் அப்போஸ்தலர் பவுலின் மனமாற்ற விழா. இயேசுவைப் பின்பற்றியவர்களைத் துன்புறுத்திய யூதர் அவர்; தமஸ்கு போகும் வழியில் இயேசுவின் குரலைக் கேட்டு அவர்கள் பக்கம் வந்தார். பேச்சுவாக்கில் பலருக்கு அது 'பவுல் மதம் மாறிய நாள்' ஆகிவிடுகிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்றாலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தமஸ்கு போகும் வழியில் சவுல் (பவுலுக்கு அப்போது அதுதான் பெயர்) விழுந்தபோது, மாறிப்போவதற்குக் கிறிஸ்தவம் என்று ஒரு தனி மதமே கிடையாது. 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயரே அப்புறம் அந்தியோகியாவில்தான் வந்தது. சவுல் பவுலானதும் அன்றைக்கு அல்ல. பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் 13ஆம் அதிகாரம் வரைக்கும் அவர் சவுல்தான்! கலாத்தியருக்கு எழுதும்போது, தாயின் வயிற்றிலேயே தேவன் தன்னைப் பிரித்தெடுத்து அழைத்ததாகச் சொல்கிறார். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எரேமியா பேசிய அதே பேச்சு. அதே கடிதத்தில் 'யூதமார்க்கத்தில் இருந்தபோது' என்று பழங்கதை போலவும் சொல்கிறாரே என்றால், சரி, சொல்கிறார். ஆனால் ரோமருக்கு எழுதும்போது 'நானும் இஸ்ரவேலன்' என்கிறாரே, அது நிகழ்காலம்.

அந்த நூற்றாண்டில் உண்மையிலேயே மாறிய ஆளைப் பார்க்க வேண்டுமானால் அதியாபெனே அரசன் இசாத்தேஸைப் பாருங்கள். இன்றைய வட இராக் பக்கம். கதையைச் சொல்பவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். அனனியா என்ற யூத வியாபாரி அரசனிடம், "விருத்தசேதனம் வேண்டாம், தேவனை வணங்கினால் போதும்" என்கிறார். ஆணின் நுனித்தோலை நீக்கும் சடங்கு அது; யூதராக மாறும் ஆணுக்கு அதுதான் அடையாளம். குடிமக்கள் கொதித்தெழுந்தால் தன் தலையும் உருளுமே என்ற பயம் அவருக்கு. பிறகு கலிலேயாவிலிருந்து எலெயாசர் வருகிறார். அரசன் மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசித்துக்கொண்டிருக்கிறான். வாசித்தால் மட்டும் போதுமா, அதில் உள்ளதைச் செய்ய வேண்டாமா என்று கடிந்துகொள்கிறார். அரசன் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், வைத்தியரை வரவழைத்துக் காரியத்தை முடித்துவிட்டுத்தான் தாயையும் அனனியாவையும் கூப்பிட்டுச் சொல்கிறான். இருவரும் வெலவெலத்துப் போகிறார்கள்.

யூதர்களிடம் மாறுவது என்றால் இதுதான்: ஒரு ஜனத்துக்குள் போய்ச் சேருவது. பழைய ஏற்பாட்டில் யூத மாமியாரோடு சேர்ந்துகொண்ட மோவாபியப் பெண் ரூத் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்' முதலில், தேவன் அதற்கு அடுத்துதான். சேர வருகிறவனிடம், இஸ்ரவேல் இன்று ஒடுங்கிக் கிடப்பது தெரியாதா என்று கேட்கச் சொல்கிறது யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூத். ஆள் பிடிக்கிற பேச்சா அது?

இசாத்தேஸ் செய்ததைச் செய்யாதீர்கள் என்று புறஜாதியாரிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம், மல்லுக்கட்டியவர் பவுல். மதமாற்றத்துக்கு உதாரணமாக நாம் காட்டும் மனிதர், யூதராக மாற வேண்டாம் என்று தடுத்தவர்! அதே நேரம் விக்கிரகங்களை விடச் சொன்னார். அது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டுத் தெய்வம், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் விருந்து எல்லாம் அதில் அடக்கம். என்னைக் கேட்டால், மதமாற்றம் என்ற சொல் பொருந்துவது தமஸ்கு வழிப்பயணிக்கு அல்ல, கொரிந்துவில் அந்த விருந்துக்குப் போனவனுக்குத்தான். வைத்ததை ஒன்றும் கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். 'இது விக்கிரகத்துக்குப் படைத்த கறி' என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் சாப்பிடாதே. பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே அவன் கறியை எடுத்திருப்பான்.