மாமியாரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. பிள்ளை பெற்றவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, குழந்தை மேல் எவ்வளவு பாசம் என்று ஆஸ்பத்திரியில் மார்க் போடுகிறார்களாம். கலி முற்றிவிட்டதாம். பெரியப்பா ஒருவர் வழக்கம்போல இரண்டு கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டுப் போனார். 'தாய்ப்பாசத்துக்கு அளவுகோலா?' என்று இன்னொருவர் கொதித்திருந்தார். அங்கே பதில் எழுதினால் அடுத்த கல்யாணம் வரை பேச்சு வார்த்தை நின்றுவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்படித் தாள்கள் இருப்பது உண்மைதான். ஒன்றல்ல, பல. நான் நேரில் பார்த்தது எட்டே வரி உள்ளது. 2005இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டது. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் அதைப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்கும். அன்பு, மனக்கசப்பு, எதுவுமே தோன்றாமை, சந்தோஷம், பிடிக்காமை, காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம், ஏமாற்றம், ஆவேசம். ஒவ்வொன்றும் 'ரொம்ப அதிகமாக' இருக்கிறதா, 'நிறைய' இருக்கிறதா, 'கொஞ்சம்' இருக்கிறதா, 'இல்லவே இல்லை'யா என்று டிக் அடிக்க வேண்டும். வரிக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 24. இதில் மார்க் கூடினால்தான் கவலை. நம் ஊர் புத்திக்கு 24க்கு 24 வாங்கினால் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிடுவோம்.

இது பாசத்தை எடை போடும் தராசு இல்லை. தன் குழந்தையோடு தனக்கு இருக்கும் ஒட்டுதலை அந்தத் தாய் எப்படி உணர்கிறாள் என்பதை அவள் வாயாலேயே கேட்பது, அவ்வளவுதான். குழந்தை அவளோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பது வேறு கணக்கு. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அதற்கு வேறு வழி வைத்திருந்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தையை ஓர் அறையில் விட்டு, தாய் வெளியே போய்த் திரும்பி வரும்போது அது என்ன செய்கிறது என்று சுமார் 20 நிமிடம் கவனிப்பது. அதில் தாயிடம் கேள்வியே கிடையாது. ஃபார்வர்டு எழுதிய மகானுபாவர் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தார்.

அந்த எட்டு வரித் தாளை எழுதியவர்களில் ஒருவர் லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் சன்னி குமார். அவரும் ராப்சன் என்பவரும் 1980இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைத்தான் குடும்பக் குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்ட ஆசை. குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என்ன தோன்றியது என்று தாய்மார்களிடம் கேட்டார்கள். முதல் பிரசவக்காரர்களில் சுமார் 40 சதவீதம் பேர், பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்றார்கள். ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களிலும் 25 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். பனிக்குடத்தைச் செயற்கையாக உடைத்து, அதோடு வலியும் கடுமையாக இருந்தவர்கள் அல்லது வலியைக் குறைக்கும் பெத்திடின் ஊசி அதிகம் போடப்பட்டவர்கள், இவர்களிடம் இது கூடுதல். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் பாசம் வந்துவிட்டது. சிலருக்கு இன்னும் தாமதம்.

நம் சினிமாவில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்த நொடியே கண்ணீர் பொங்கும், வயலின் வாசிப்பார்கள். அமெரிக்காவிலும் இதே நம்பிக்கையை வளர்க்க ஓர் ஆய்வு கிடைத்தது. 1972இல் கிளாஸ், கென்னல் என்ற இரு மருத்துவர்கள் 28 தாய்மார்களை மட்டும் வைத்துச் செய்தது. முதல் மூன்று நாட்களில் குழந்தையோடு 16 மணி நேரம் கூடுதலாக இருந்த தாய்மார்கள், ஒரு மாதம் கழித்தும் குழந்தையிடம் அதிக அக்கறை காட்டினார்கள் என்றது அது. பிரசவ வார்டில் தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்கும் பழக்கம் மாற அது உதவியது, நல்லது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு 'முதல் சில மணி நேரம் போனால் போச்சு' என்று ஒரு பயமும் கிளம்பியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை. சிசேரியன் மயக்கத்தில் கிடந்தவளும், பிள்ளையை இன்குபேட்டரில் விட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தவளும் இன்றும் அந்தப் பயத்தைச் சுமக்கிறார்கள்.

என் சித்தி மகளை ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அழைத்துப்போன அன்றுதான் நான் அந்தத் தாளைப் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நர்ஸ் கையில் தாள், பக்கத்தில் மாமியார், மாமியார் மடியில் குழந்தை, பின்னால் நாற்காலிக்காக நிற்கும் கூட்டம். நர்ஸ் சத்தமாக, "ஏம்மா, குழந்தை மேல பாசமா இருக்கியா?" என்றார். இவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "அதெல்லாம் உசிரா இருக்கா, எழுதிக்கங்க" என்றார். அடுத்து, "எரிச்சல் வருதா?" "பச்சப்புள்ள மேல யாருக்கும்மா எரிச்சல் வரும்?" இதுவும் மாமியார்தான். எட்டு வரியும் ஒரு நிமிடத்தில் முடிந்தன. சுழியம் மதிப்பெண், குறையே இல்லாத தாய்.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் என் காதருகில் கேட்டாள். "அக்கா, அந்தப் பேப்பர்ல 'ஒண்ணும் தோணல'ன்னு ஒரு வரி இருந்துச்சே, பாத்தியா? அச்சடிச்சே வச்சிருக்காங்கன்னா நிறைய பேருக்கு அப்படி இருக்கும்போல."

இதற்காகத்தான் அந்தத் தாள் வேண்டும் என்கிறேன். கூட்டுத்தொகை என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். யாரிடமும் சொல்ல முடியாமல் ஆறு வாரம் தொண்டையில் வைத்திருந்ததை அச்செழுத்தில் பார்த்தாள். தான் ராட்சசி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கேட்ட விதம்? மாமியார் முன்னால் 'பிள்ளை பிடிக்கலை' என்று சொல்ல எந்த மருமகளுக்குத் துணிச்சல் வரும்?

தாள்களிலும் குறை இருக்கிறது. மனநல மருத்துவர் பிராக்கிங்டன் குழுவினர் 2001இல் வெளியிட்ட 25 வரித் தாளில், 'உலகிலேயே அழகான குழந்தை என் குழந்தைதான்' என்று ஒரு வரி. நம் வீட்டில் ஒருத்தி இதற்கு 'எப்போதும்' என்று டிக் அடிப்பாளா? கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்து, "என்னத்த அழகு, கறுப்பட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முத்தம் கொடுப்பவள் அவள். அவளுக்கு மார்க் ஏறிவிடும். அதே தாளில் 'குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது தன்னம்பிக்கையாக உணர்கிறேன்' என்று இன்னொரு வரி. தாய் வீட்டில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் துவட்டி, பசிக்கு அழும்போது மட்டும் இவளிடம் நீட்டுவாள். மூன்று மாதம் குளிப்பாட்டியே பார்க்காதவள் அந்த வரிக்கு என்ன எழுதுவாள்?

ஆஸ்திரேலியாவில் 1998இல் வந்த 19 கேள்வித் தாளில், குழந்தையை விட்டுப் பிரியும்போது வருத்தமா, நிம்மதியா என்று கேள்வி. இந்தத் தாளில் கணக்கு தலைகீழ், மார்க் குறைந்தால்தான் கவலை. நிம்மதி என்றால் மதிப்பெண் குறையும். இரவெல்லாம் விழித்தவள் கடைக்குப் போகும் பத்து நிமிடத்தில் மூச்சு விட்டால் அதுவும் குற்றமா?

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பகாலத்திலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றியது. ஒட்டுதல் தாளும் மனச்சோர்வும் ஒன்றல்ல, ஆனாலும் பக்கத்துப் பக்கத்து வீடு. 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணமாகத் தெரிந்தவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவி இல்லாதது. அதாவது யார் அவளுக்குப் பதிலாகப் பதில் சொல்கிறாரோ, பல வீடுகளில் அவரே காரணப் பட்டியலிலும் இருப்பார். எல்லா மாமியாரும் அப்படியில்லை, என் சித்தி மகளின் மாமியார் உண்மையிலேயே தங்கம். ஆனால் தங்கமான மாமியாரிடமும் சொல்ல முடியாதவை உண்டு.

ஆகவே ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என் கோரிக்கை சின்னதுதான். குழந்தையை எடை போட மாமியார் கையில் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்புங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் தாளைத் தாயிடம் கொடுங்கள், படிக்கத் தெரியாதவளுக்கு மெதுவான குரலில் படித்துக் காட்டுங்கள். மதிப்பெண்ணை நோட்டில் பெரிதாக எழுதி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 'குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ' என்கிற அளவுக்கு ஒருத்தி டிக் அடித்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்ப வழி வைத்திருங்கள். அந்த வழி இல்லாமல் கேட்பது பாவம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் வார்டு 2009இலிருந்து இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் முதலில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.