எட்டு ரூம், ஒரு கெஸ்டு

(தைப்பூசத்துக்கு இன்னும் சில நாள்தான். விடியக்காலம். மலேசியாவுல கோலாலம்பூரு, அதாவது கேஎல், செலாயாங் மொத்த மார்க்கெட்டு வாசல்ல வேன நிறுத்திட்டு மணியமும் அவரு சம்சாரம் கலாவும் சாமான் ஏத்திக்கிட்டு இருக்காங்க. வீடு செந்தூல்ல. ரவாங் பக்கம் ஒரு பழைய ஈயக்குட்டைய (ஈயம் தோண்டுன பள்ளத்துல தண்ணி நின்ன குட்டை) ஒட்டி எட்டு ரூம் கட்டி அதுக்கு ரிசோர்ட்னு பேரு வச்சிருக்காங்க.)

கலா: ஏங்க, கத்திரிக்கா ஒரு பெட்டி போதுமா? எத்தன பேருன்னு சொன்னாத்தான வாங்க முடியும், நீங்க பாட்டுக்கு தே தாரிக் டீய ஆத்திக்கிட்டு நிக்கிறீங்க.

மணியம்: எட்டு ரூமும் ஃபுல்லு கலா! ஒன்னு கூட காலி இல்ல!

கலா: காசு குடுக்குற ஃபுல்லா, இல்ல நம்ம ஃபுல்லா?

மணியம்: அது என்னா நம்ம ஃபுல்லு?

கலா: போன தீவாளிக்கு ஃபுல்லா இருந்துச்சே, எல்லாரும் போனப்புறம் கேஷ் பெட்டிய தொறந்தா உங்க பெரியம்மா வச்சிட்டுப் போன விபூதி பொட்டலம் மட்டும் இருந்துச்சே, அந்த ஃபுல்லு.

மணியம்: காலங்காத்தால ஆரம்பிக்காத. சரி எழுதிக்க. ஒன்னாம் நம்பர், சுங்கை சிப்புட் பெரியம்மா.

கலா: ஓசி.

மணியம்: என்னைய தூக்கி வளத்தவங்க கலா அவங்க.

கலா: தூக்குன கூலி போன தீவாளியோட கழிஞ்சு போச்சு. அடுத்தது?

மணியம்: ரெண்டாம் நம்பர், அவங்க ஊரு கோயில் செக்ரட்டரி.

கலா: அவரு எந்த வழியில சொந்தம்?

மணியம்: சொந்தமெல்லாம் இல்ல, பெரியம்மாவ அவருதான் காடியில ஏத்திக்கிட்டு வர்றாரு, பெட்ரோல் அவரு காசு, அந்த மனுசன்கிட்ட போயி ரூமுக்கு காசு கேட்டா நல்லாவா இருக்கும்?

கலா: ரோட்டு டோலு?

மணியம்: டோலு மட்டும் நாம குடுத்துரலாம்னு சொல்லிட்டேன்.

கலா: நல்லது. மூனு?

மணியம்: ஜொகூர் மாமா குடும்பம். ஒரே ரூம்தான் கேட்டாரு, பாவம், பதினோரு பேரு.

கலா: பதினோரு பேரா! போன தடவ அவரு வந்தப்ப நடந்தது ஞாபகம் இருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வாஷிங் மிஷின்ல அவரு வீட்டு ஜன்னல் பர்தாவெல்லாம் போட்டு தொவச்சாரு, ஜொகூர்லருந்து மூட்ட கட்டி கொண்டாந்துருக்காரு அந்த பர்தாவ! கேட்டா, கேட்ல போர்டு போட்டிருக்குல்ல ‘உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்’னு, அப்புடிங்கறாரு.

மணியம்: அந்த போர்டு நல்ல போர்டு. தமிழ், மலாய், சீனம், மூனு மொழியிலயும் எழுத எவ்ளோ செலவு தெரியுமா.

கலா: அதுக்கப்புறம் ஆன செலவு எனக்குத்தான் தெரியும். நாலு?

மணியம்: (மெதுவா) சிங்கப்பூர் சித்தப்பா.

கலா: ஆ, வரட்டும் வரட்டும். அவருகிட்ட நான் காசு வாங்குவேன்.

மணியம்: கலா, சித்தப்பாகிட்டயா!

கலா: ரூமுக்கு இல்ல. வெளிநாட்டுக்காரங்க தங்குனா ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி, அதான் 10 ரிங்கிட்டு, டூரிசம் டேக்ஸ், 2017லருந்து சட்டம். அவரு சிங்கப்பூர் பாஸ்போர்ட்தான? நாலு ராத்திரி, 40 வெள்ளி.

மணியம்: அது கவருமெண்டுக்குப் போற காசு, நமக்கு ஒரு சல்லி வராதே.

கலா: வராட்டி போவுது. அந்த மனுசன் கையிலருந்து காசு வெளிய வர்றத ஒரு தடவ என் கண்ணால பாக்கணும், அவ்ளோதான். போன வருசம் வாத்து மாதிரி இருக்குற பெடல் போட்ட மிதிச்சிக்கிட்டு நடுக்குட்டைக்குப் போயி ஆகாயத்தாமரையில மாட்டிக்கிட்டாரே, நாலு மணி மழ கொட்டுது, இடி இடிக்குது, நீங்க கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு இன்னொரு போட்டுல போயி இழுத்துட்டு வந்தா, மனுசன் எறங்கி மொத வார்த்த என்ன சொன்னாரு? “வாத்துக்கு கழுத்து சரியில்ல மணியம்.”

மணியம்: கழுத்து சரியில்லதான். பிவிசி பைப்பு வச்சு ஒட்டுனது, கொரங்கு ஏறி ஏறி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு.

கலா: அஞ்சும் ஆறும்?

மணியம்: (தொண்டைய செருமிட்டு) உன் தங்கச்சியும், உன் தம்பியும்.

கலா: ...

மணியம்: எழுது, ஓசின்னு எழுது.

கலா: அவங்கல்லாம் வந்தா வேல செய்வாங்க. கத்திரிக்கா ரெண்டு பெட்டியாவே எடுத்துருவோம்.

மணியம்: பாத்தியா! எங்க பக்கம்னா கணக்கு, உங்க பக்கம்னா கத்திரிக்காயா?

கலா: ஏழாம் நம்பர சொல்லுங்க, பேச்ச மாத்தாதீங்க.

மணியம்: ஏழுல ரெண்டு ஜெர்மன்காரங்க புக் பண்ணிருந்தாங்க, காசும் கட்டிருந்தாங்க, நேத்து ராத்திரி கேன்சல் பண்ணிட்டாங்க. அதான் என் கூட படிச்சவன் ஒருத்தன் கேட்டான்னு...

கலா: ஏன் கேன்சல் பண்ணாங்க? நீங்க ஃபோன்ல பேசுனீங்களா? சத்தியமா சொல்லுங்க, அந்த கதைய சொன்னீங்களா?

மணியம்: ஹிஸ்டரி கேட்டாங்க கலா, சொல்லாம எப்புடி? 1857ல 87 சீனங்க ஆத்துல படகேறி அம்பாங் பக்கம் ஈயம் தோண்ட வந்தாங்க, கேஎல்லே அப்புடி வந்த ஊருதான், நம்ம குட்டையும் அந்த பரம்பரதான், டித்திவங்சா ஏரி கூட ஈயக்குட்டதான், சன்வே லகூன் கூட ஈயக்குட்டதான்னு பெருமையா சொன்னேன்.

கலா: அந்த 87 பேருல முக்காவாசிப் பேரு காய்ச்சல்ல செத்ததையும் சொல்லிருப்பீங்களே.

மணியம்: கேட்டாங்களே, அப்புறம் என்னாச்சுன்னு.

கலா: ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி மலேரியாவுல செத்தவங்க கதைய சொன்னா எவன் வந்து குட்டை ஓரத்துல படுப்பான்? சன்வேக்காரன் அந்த பள்ளத்துல அலையடிக்க விட்டு டிக்கெட்டு போட்டான். நீங்க கத சொல்லி இருக்குற டிக்கெட்டையும் கிழிச்சிட்டீங்க. அதோட அந்த விளம்பரத்துல ‘பத்துமலை முருகன் தெரியும்’னு போட்டிருக்கீங்களே, அத எப்ப எடுப்பீங்க?

மணியம்: 140 அடி செலை கலா! 2006லருந்து நிக்கிறாரு, தெரியாம எங்க போவாரு?

கலா: அவரு எங்கயும் போவல, நாமதான் மலைக்கு அந்தாண்ட இருவது கிலோமீட்டரு தள்ளி இருக்கோம்! போன மாசம் ஒரு கெஸ்டு அத நம்பி தண்ணி டேங்க் மேல ஏறிட்டாரு, கீழ இருந்து நீங்க “இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல பாருங்க சார்”னு சொல்றீங்க.

மணியம்: பக்தி இருந்தா தெரியும்.

கலா: எட்டாம் நம்பர்?

மணியம்: தோமான் அங்கிள்! அதான், தூண்டி போட வர்ற சீனரு.

கலா: அப்பாடா. மனுசன்னா அவருதான். வர்றாரு, 180 வெள்ளிய ரொக்கமா எண்ணி வைக்கிறாரு, ஒரு கோப்பி ஓ வாங்கிக்கிறாரு, தூண்டிய போட்டுட்டு ஒக்காந்துர்றாரு, வைஃபை கேட்டாரா, ஏர்கோன்ல தண்ணி சொட்டுதுன்னாரா, டவலு பத்தலன்னாரா? அவரு ஒக்காந்தா சிமெண்டுல செஞ்சு வச்ச மாதிரி அசைய மாட்டாரு. அவரு குடுக்குற காசுலதான் இந்த மாசம் பம்பு ரிப்பேரு, சொல்லிட்டேன்.

மணியம்: அதுல ஒரு சின்ன சிக்கல்.

கலா: என்னா?

மணியம்: பெரியம்மா விரதம். பால்குடம் எடுக்குறாங்கல்ல. விரதம் முடியுற வரைக்கும் குட்டையில யாரும் மீன் புடிக்கக் கூடாதாம், அவங்க கண்ணுல பட்டாலே தோஷமாம்.

கலா: ஏங்க, எட்டு ரூம்ல காசு குடுக்குறது ஒரே ஒரு ஆளு, அந்த ஆளு வர்றது மீன் புடிக்க, மீன் புடிக்கக் கூடாதுன்னா அவரு என்னா பண்ணுவாரு, பஜன பாடுவாரா?

மணியம்: வாத்து போட்டுல ஏத்தி ஒரு சுத்து...

கலா: அந்த கழுத்த பத்தி பேசுனீங்க, நானே ஒங்கள தள்ளி விட்டுருவேன். ரெண்டு எட்டு வச்சா நல்ல ஆழம், ஈயக்குட்ட.

மணியம்: இல்லன்னா பெரியம்மா ரூமுக்கு ஜன்னல் பக்கம் ஒரு பர்தா போட்டு மறச்சுரலாம். ஜொகூர் மாமாகிட்ட நெறைய பர்தா இருக்கு.

கலா: அப்ப அந்த மீன எங்க சமைக்கிறது? போன தடவ அங்கிள் ஒரு தோமான் மீன் புடிச்சு, இஞ்சி போட்டு அவிச்சுக் குடுன்னு கேட்டாரு, நானும் செஞ்சேன். இப்ப அதே அடுப்புல பெரியம்மா பொங்க வச்சிக்கிட்டு இருப்பாங்க. வீச்சம் ஒரு மைலுக்கு அடிக்கும்.

மணியம்: வெளிய கரி அடுப்பு வச்சுக்கலாம். காத்து செக்ரட்டரி ரூம் பக்கந்தான் அடிக்கும், அவரு சாப்புடுற ஆளுதான்னு நெனைக்கிறேன், ஆனா விரதம்னு சொல்லிக்கிறாரு.

(கலா ஃபோன் அடிக்குது.)

கலா: பாருங்க, ஆளு நூறு வயசு! ஹலோ அங்கிள்! ஆ, ரூம் இருக்கு அங்கிள், எட்டாம் நம்பர், உங்க ரூம்தான்... ஆ... ஓ, ஆண்டியும் வர்றாங்களா, நல்லது நல்லது... மகனுமா?... மருமகளுமா?... இல்ல அங்கிள், எக்ஸ்ட்ரா மெத்த போடலாம்... என்னது?... யாரு சொன்னா?... (ரொம்ப நேரம் கேட்டுட்டு) ...ஆ. சரி அங்கிள். ஓகே அங்கிள்.

மணியம்: என்னாவாம்? நல்ல செய்தியா?

கலா: குடும்பத்தோட வர்றாராம்.

மணியம்: பாத்தியா, பிசினஸ் வளருது!

கலா: “சாயா சுடா மாச்சாம் ஃபேமிலி லா, கலா”ங்கறாரு, அவரும் இப்ப ஃபேமிலி மாதிரிதானாம். இத்தன வருசமா வர்றாராம், கேட்ல இருக்குற போர்ட்ட சீனத்துல படிச்சாராம், மனசு குளுந்து போச்சாம். போன தடவ ஓசியில தங்கிட்டுப் போன ஒரு சிங்கப்பூர்காரரு அவருகிட்ட சொன்னாராம், இங்க ஃபேமிலின்னா யாரும் காசு குடுக்குறதில்ல அங்கிள்னு.

மணியம்: சித்தப்பாவா!

கலா: அவருகிட்ட அந்த 10 வெள்ளி டேக்ஸாவது வாங்கலாம். அங்கிளுக்கு அதுவும் கெடையாது, மனுசன் இங்கத்த கெப்போங்காரரு, வெளிநாடு இல்ல.

மணியம்: அப்ப பம்பு?

கலா: வண்டிய எடுங்க. போனதும் மொதல்ல அந்த போர்ட்ட கழட்டணும்.

மணியம்: கழட்டிட்டு?

கலா: மூனு மொழியிலயும் ‘ஒரு ராத்திரி 180 வெள்ளி’ன்னு எழுதுங்க. அடியில ‘சொந்தக்காரங்களுக்கும் சேத்துதான்’னு தமிழ்ல மட்டும் பெருசா.

மணியம்: பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே.

கலா: செக்ரட்டரி படிச்சுக் காட்டட்டும். அதுக்குத்தான அவருக்கு ஓசி ரூம்.