செத்த மாட்டுக் காசு

அந்த மீமைப் பார்த்திருப்பீங்க. செத்த மாட்டு மேல நோட்டுக் கட்டு, கீழ "இந்த வருச போனஸ்". சிரிச்சு வச்சவங்கள்ல பாதிப் பேரு எங்க வீட்டு மாட்டுப் பொங்கலுக்கு வந்து, எங்க மாடு செவலை பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போனவங்க. இருக்கட்டும். ஒரு ராத்திரி ஆறப்போட்டுத்தான் எழுதுறேன்.

அது போனஸ் இல்லைங்க. வெள்ளத்துல மாடு செத்தா அரசு குடுக்கிற நிவாரணம். மாட்டோட விலையும் இல்ல. 2024 கணக்குப்படி கறவை மாடு செத்தா 37,500 ரூபா, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. அதுலயும் ஒரு குடும்பத்துக்கு மூணு கறவை மாடு வரைக்கும்தான் கணக்கு. நாலாவது செத்தா உங்க தலையெழுத்து. பால் கறக்குற ஜெர்சி கலப்பு மாட்டை 37,500-க்கு எந்தச் சந்தையில புடிக்கலாம்னு சொல்லுங்க, வண்டி வாடகை நான் தர்றேன்.

"இன்சூரன்ஸ் போட்டிருக்கலாமே"ன்னு ஒரு அண்ணன். போட்டோம்ணே, ஒரு வருசம். அப்புறம் புதுப்பிக்கல. தப்புதான். உங்க பைக்கு பேப்பரையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்க.

"பொய்க் கணக்குல வாங்கினவன் இல்லையா?" இருக்கான். எங்க தெருவுலயே, இல்லாத ஆட்டுக்கு வாங்கினவன் இருக்கான். அவனைத் திட்டுங்க, நானும் வர்றேன். ஆனா சும்மா கேட்டா குடுத்துடுவாங்கன்னு நினைக்காதீங்க. விஏஓ, அதான் கிராம நிர்வாக அலுவலர், வந்து பார்க்கணும், மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்து சர்டிபிகேட் தரணும், போட்டோ வேணும், காதுல இருக்கிற மஞ்சத் தோட்டு நம்பர் வேணும். உடம்பு இருந்தாத்தான் காசு.

2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் மழை. சாத்தனூர் அணையில வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்து, தென்பெண்ணை ஆறு எங்க கட்டுத்தறிக்கே வந்துடுச்சு. அப்பா இடுப்பளவு தண்ணியில போய்ச் செவலையோட கயித்தை அருவாளால அறுத்துவிட்டார். கருப்பி கட்டியிருந்த மூலைக்குப் போறதுக்குள்ள தண்ணி மாருக்கு ஏறிடுச்சு. சித்தப்பாதான் அவரை இழுத்துட்டு வந்தார். வடிஞ்சப்புறம் பார்த்தா கருப்பி முளைக்குச்சிலயே கெடந்துச்சு. சேத்துல வயிறு உப்பி, கயிறு கழுத்துல புதைஞ்சு. செவலையை ஆத்தோரமா மூணு நாள் தேடினோம்.

கருப்பிக்குப் பணம் வந்துச்சு. செவலைக்கு வரல. உடம்பு இல்லையே. வந்த அதிகாரி நல்ல மனுசன், விதி அப்படி.

பேங்க்ல இருந்து திரும்பும்போது அப்பா கேட்டார்: "அவுக்காம விட்டிருந்தா அதுக்கும் வந்திருக்கும்ல?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். போனஸாம்.

"ஆத்தோரம் ஏன் கொட்டகை போட்டீங்க"ன்னும் ஒருத்தர். 2023 மிக்ஜாம் புயல்ல சென்னையில கார் மிதந்தப்ப, ஏரியில ஏன் அபார்ட்மெண்ட் வாங்கினீங்கன்னு நாங்க கேட்டோமா? அங்க ரேஷன் கார்டுக்கு 6,000 நிவாரணம், மறு வருசம் எங்களுக்கு 2,000. அதுக்கும் நாங்க மீம் போடல. இதெல்லாம் அவங்க வரிப்பணமாம். மோட்டாருக்கு ஊத்துற டீசல்ல எங்கப்பா வரி கட்டலையா? காலையில உங்க காபிக்குப் பால் யார் வீட்டுக் கட்டுத்தறியில இருந்து வருது? சரி, விடுங்க, பேச்சு எங்கெங்கயோ போகுது.

அந்த மீம் சுத்திச் சுத்தி அப்பா வாட்ஸப்புக்கும் வந்துடுச்சு. அவருக்கு எழுத்து சரியாத் தெரியாது. படத்தை மட்டும் விரலால பெருசாக்கிப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யார் வீட்டு மாடுடா? காதுல தோடு தெரியுதா பாரு."