எதிர்பார்க்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

போன மாதம் அக்கா போனில் பெருமையாகச் சொன்னாள்: "பாப்பா ரொம்பப் பக்குவமாயிட்டாடா. நீ வருவேன்னு இப்பல்லாம் எதிர்பார்க்கறதே இல்ல."

ஐந்து வயதுப் பிள்ளை. "ஞாயித்துக்கிழமை மாமா வர்றேன், பீச்சுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வேலை வந்து, மூன்று ஞாயிறு நான் போகவில்லை. முதல் ஞாயிறு நாலு மணிக்கே செருப்பை எடுத்து வாசற்படியில் ஜோடியாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். நாலாவது முறை நான் வீடியோ காலில் "வர்றேன்" என்றபோது, கிரேயானைக் கீழே வைக்காமல் "சரி மாமா" என்றாள். அந்த "சரி மாமா" எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எதிர்பார்ப்பு இல்லையென்றால் ஏமாற்றம் இல்லை" என்று தினமும் காலையில் யாராவது பூப்படத்தோடு அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர் ஏதோ அடிபட்டுத்தான் அனுப்புகிறார், அது புரிகிறது. ஆனாலும் அந்த வரி தப்பு என்று நினைக்கிறேன். எதிர்பார்ப்பு என்பது வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடுகிற சட்டை இல்லை.

மூடி போட்ட எவர்சில்வர் குடத்தை, நிறைய தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றால் கை சட்டென்று மேலே போய்விடும். விரல் படுவதற்கு முன்பே இவ்வளவு கனம் இருக்கும் என்று தோள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராததும் இதனால்தான்: தன் கை எங்கே படும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். எதிர்பார்க்காமல் ஒரு படிகூட நம்மால் இறங்க முடியாது.

இதில் என்னை மிகவும் பாதித்த ஆய்வு சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்தது. குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். குரங்கு நினைக்காத நேரத்தில் ஒரு சொட்டு ஜூஸ் வாயில் விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடிக்கும். ஜூஸுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். ஜூஸ் வரும்போது தனியாக ஒன்றும் நடக்காது. அது வரும் என்று தெரிந்த விஷயம்தானே. அடுத்ததுதான் முக்கியம். விளக்கு எரிந்தும் ஜூஸ் தராமல் விட்டால், அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் அணுக்கள் அடங்கிப்போகும். வெளியே ஒரு சத்தமில்லை, அசைவில்லை. வராத ஒன்றுக்கும் மூளை நேரம் குறித்து வைத்திருக்கிறது.

கணினியில் இதே கணக்கு அதற்கு முன்பே இருந்தது. 1988இல் ரிச்சர்ட் சட்டன் ஒரு கற்றல் முறையை விரிவாக எழுதினார். சனிக்கிழமை மழை வருமா என்று திங்கள் முதல் தினமும் கணிக்கிறோம் என்று வையுங்கள். சரியா தப்பா என்று பார்க்கச் சனிக்கிழமை வரை இருக்க வேண்டியதில்லை. நேற்றைய கணிப்புக்கும் இன்றைய கணிப்புக்கும் உள்ள வித்தியாசமே பாடம். பீட்டர் டயான், ரீட் மான்டேக் இருவரும் ஷுல்ட்ஸோடு சேர்ந்து 1997இல் எழுதிய கட்டுரை, குரங்கின் டோபமைன் துடிப்பு இந்தக் கணக்கோடு பொருந்துவதைக் காட்டியது. இயந்திரத்துக்கு எழுதிய சூத்திரம் உயிருள்ள மூளைக்குள் தென்பட்டது! சட்டனுக்கும் அவருடைய ஆசிரியர் ஆண்ட்ரூ பார்ட்டோவுக்கும் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2024ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது இந்த வழியில் செய்த வேலைக்காகத்தான்.

இன்றைய சாட்பாட்களுக்கு அடிப்படைப் பயிற்சியும் இப்படித்தான். அடுத்த சொல்லை ஊகி, தவறினால் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் திருத்து. ஆனால் பயிற்சி முடிந்து நம் கைக்கு வந்தபின் அந்த எண்கள் பொதுவாக மாறுவதில்லை. அதனிடம் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டாலும் அது வாசலைப் பார்க்காது. அடுத்த சொல் எது என்று அதற்குத் தெரியும். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை காத்திருப்பது என்பது அதற்குக் கிடையாது.

பிள்ளைகளுக்கு உண்டு. அதனால்தான் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வை எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. மார்ஷ்மெல்லோ சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: இப்போது சாப்பிட்டால் ஒரு மிட்டாய், பொறுத்திருந்தால் இரண்டு. பொறுக்கிற பிள்ளைக்கு மன உறுதி என்று பேசிவந்தோம். கிட் அதற்கு முன்னால் வேறொன்றைச் சேர்த்தார். படம் வரையும் பிள்ளையிடம், "கொஞ்சம் இரு, இதைவிட நல்ல கலர் எல்லாம் கொண்டுவர்றேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து "தப்பா சொல்லிட்டேன்ப்பா, வேற கலர் இல்ல" என்றார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. பிறகுதான் மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் என்னால் அந்த 3 நிமிடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

தமிழில் "ஏமாந்துட்டேன்" என்றால் ஒருவர் வஞ்சித்ததும் அதுதான், நினைத்தது நடக்காததும் அதுதான். எனக்கு வேலை வந்ததும் நான் பொய் சொன்னதும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்றுதான். விளக்கு எரிந்தும் திரும்பத் திரும்ப ஜூஸ் வராவிட்டால், விளக்குக்கு வந்த துடிப்பும் மங்கிப்போகும். பாப்பாவுக்கு நடந்தது அதுதான். அக்கா அதைப் பக்குவம் என்கிறாள். என் வார்த்தைக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று அவள் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்கிறேன் நான். கற்றுக்கொடுத்தவன் நான்.

கடந்த மூன்று ஞாயிறும் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றேன். கடற்கரையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அலையில் ஓடுகிறாள், மாங்காய் பத்தைக்கு அடம்பிடிக்கிறாள். ஆனால் நான் வாசலில் வந்து நின்ற பிறகுதான் உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறாள்.